‘உனக்குச் சொன்னாப் புரியாதும்மா’: ஸ்கேன் அறைக்குள் நிற்கும் சாதி

கர்ப்பிணிப் பெண் ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறாள். படிவம் எஃப். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்கிற உறுதிமொழி அதில் இருக்கிறது. பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த மண் இது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது. எனவே அந்த உறுதிமொழியைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்த உறுதிமொழியைக் கேட்கிற அதே சட்டத்தில் 5ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 1994இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தைச் சொல்கிறேன். பேறுகாலத்துக்கு முந்தைய கண்டறியும் பரிசோதனைகளைச் செய்கிறவர் அதன் பக்க விளைவுகளையும் பின்விளைவுகளையும் கர்ப்பிணியிடம் விளக்கியிருக்க வேண்டும். அவளுக்குப் புரிகிற மொழியில் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதலின் நகலை அவள் கையில் கொடுக்க வேண்டும். இது யாரும் இரக்கப்பட்டுச் செய்கிற சலுகை இல்லை, சட்டம். தாய்சேய் நலம் குறித்த என் முனைவர் பட்ட ஆய்வுக்காக வட மாவட்டங்களின் காலனிகளில் பெண்களோடு பேசியிருக்கிறேன். ‘தெரிய வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. விளக்கம் கேட்டுக்கொண்டு, ஒப்புதல் கொடுத்து, அதன் நகலைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப அவர்கள் எனக்குச் சொன்னது, மருத்துவமனையில் அவர்கள் கேட்ட ஒரே வாக்கியத்தைத்தான்: “உனக்குச் சொன்னாப் புரியாதும்மா, வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா.”

இந்த ‘புரியாது’ யாருக்குச் சொல்லப்படுகிறது, யாருக்குச் சொல்லப்படுவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், புரியாது என்று சொல்லப்படுகிற அந்த விஷயம் என்னவென்று பார்ப்போம். கர்ப்பத்தின் 11ஆவது வாரம் தொடங்கி 13 வாரம் 6 நாளுக்குள் ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். என்.டி. ஸ்கேன். சிசுவின் பிடரிப் பகுதியில் தோலுக்கு அடியில் இருக்கும் நீரின் அளவை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். அது வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் குரோமோசோம் வேறுபாடோ இதயக் குறைபாடோ இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதே நாட்களில் தாயின் ரத்தத்தில் இரண்டு பொருட்களை அளப்பது டபுள் மார்க்கர். ஸ்கேன் அளவு, ரத்த அளவு, தாயின் வயது மூன்றையும் கணினியில் போட்டால் 250இல் 1, 1000இல் 1 என்று ஓர் எண் வருகிறது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று அந்த எண் சொல்கிறது. இருக்கிறது, இல்லை என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்கிரீனிங் என்று பெயர். சலித்துப் பார்ப்பது என்று எங்கள் பக்கத்துப் பெண்களிடம் நான் சொல்வேன். சல்லடையில் தங்கியதெல்லாம் கல் ஆகிவிடாது, சலித்து விழுந்ததில் கல்லே இருக்காது என்றும் இல்லை.

கணக்காகச் சொன்னால், இந்த முதல் பருவச் சோதனை டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை பிடித்துவிடும். மீதியைத் தவறவிடும். அதே நேரத்தில் எந்த வேறுபாடும் இல்லாத கருக்களைச் சுமக்கும் பெண்களிலும் நூற்றுக்கு ஐந்து பேரை ‘ஹை ரிஸ்க்’ என்று காட்டும். ஆயிரம் பேர் சோதித்துக்கொண்டால் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு அந்தச் சொல் வரும். அந்த ஐம்பது பேரில் உண்மையிலேயே குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பது இரண்டொருவருக்குத்தான். மற்றவர்கள் காரணமில்லாமல் பயந்து தூக்கம் தொலைத்தவர்கள்.

ஹை ரிஸ்க் வந்தால் அடுத்த படிகள் உண்டு. தாயின் ரத்தத்தில் மிதக்கும், நஞ்சுக்கொடியிலிருந்து வந்த டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. ஒன்று. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை நூற்றுக்கு 99 வரை சரியாகப் பிடிக்கும். ஆனாலும் அதுவும் சல்லடைதான், தனியாரில் பல ஆயிரம் ரூபாய் கேட்கிற சல்லடை. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஊசி போட்டுப் பனிக்குட நீரையோ, நஞ்சுக்கொடியின் துணுக்கையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் கரு கலைந்துபோகும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கிறது. பிறகு 18 முதல் 20ஆவது வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேன் தனி. தலை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம், கை கால் என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது அது. ரத்தச் சோதனை நல்லபடியாக வந்துவிட்டது என்று இதை விட்டுவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறவை.

இவ்வளவுதான். இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். இதில் எது புரியாது?

ஏலச்சீட்டில் தள்ளு எவ்வளவு போனால் மாதத்துக்குக் கையில் எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்குப் போடுகிற பெண்கள் இவர்கள். நூறு நாள் வேலையில் எத்தனை நாள் கூலி பாக்கி என்பது விரல் நுனியில் இருக்கும். ‘இதே எண் வந்த இருநூற்றைம்பது பெண்களை மண்டபத்தில் உட்கார வைத்தால் அதில் ஒருத்தியின் குழந்தைக்கு இருக்கலாம், இருநூற்று நாற்பத்தொன்பது பேருக்கு இருக்காது’ என்று சொன்னபோது புரியாமல் விழித்த ஒரு பெண்ணையும் நான் பார்த்ததில்லை. ‘அந்த ஒருத்தி நானா இருந்தா?’ என்பதுதான் அவர்கள் உடனே கேட்ட கேள்வி. வாய்ப்புக் கணக்கைப் புரிந்துகொண்டவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். எழுத்தைக் கேட்கக் கூடாது என்று ஒரு கூட்டத்தின் காதுகளைச் சட்டம் போட்டு அடைத்த சமூகம், இன்று காதை அடைப்பதில்லை. புரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறது.

என் சித்தி மகளுக்கு இருபத்துநான்கு வயது. பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். மாப்பிள்ளை வேறு சாதி, எங்களுக்கு ‘மேலே’ இருப்பதாகச் சொல்லிக்கொள்கிற சாதி. பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டபுள் மார்க்கர் எடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கையை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். “அக்கா, பாசிட்டிவ்னு போட்டிருக்கு. பாசிட்டிவ்னா நல்லதுதானே? அப்புறம் ஏன் டாக்டர் கலைச்சிடுங்கன்னு சொல்றாங்க?”

180இல் 1 என்று இருந்தது. அதாவது 179 பங்கு இல்லை என்கிற பக்கம். மருத்துவர் அவளிடம் பேசியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மூளை வளர்ச்சி இருக்காது, சின்ன வயசுதானே, கலைத்துவிட்டு அடுத்தது பார்த்துக்கொள்ளலாம். சல்லடையில் தங்கிய ஒன்றை வைத்துத் தீர்ப்பே எழுதிவிட்டார். பனிக்குட நீர் சோதனை என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை.

மறுநாள் அதே மருத்துவரை நான் தொலைபேசியில் பிடித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன், ஆங்கிலத்தில் பேசினேன். குரல் மாறிவிட்டது. “மேடம், ஆக்சுவலா இது ஸ்கிரீனிங் டெஸ்ட்தான், கன்ஃபர்ம் பண்ண அடுத்த ஸ்டெப் இருக்கு” என்று தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் பொறுமையாகப் பேசினார். எந்த வாரத்தில் ஊசி போடலாம், முடிவு வர எத்தனை நாள் ஆகும், என்.ஐ.பி.டி. எங்கே செய்வார்கள், எல்லாம் தெளிவாக வந்தது. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நேரமும் இருந்தது. என் தங்கையின் உடம்பைப் பற்றிய தகவல் அது. அவளுக்கு அதைக் கொடுக்க மறுத்து, அவள் முகத்தையே பார்க்காத எனக்குக் கொடுத்தார். அவர் சாதி பார்த்தாரா என்று நீங்கள் கேட்கலாம். சாதிச் சான்றிதழை யாரும் கேட்கவில்லைதான். புடவை, பேச்சு, ஊரின் பெயருக்குப் பின்னால் வரும் ‘காலனி’ என்கிற சொல், கையில் இருக்கும் பை, கூட வந்திருக்கும் ஆள், இவற்றைப் பார்த்து யாருக்கு எத்தனை நிமிடம் என்று முடிவெடுக்கிற கண் ஒன்று நம் சமூகத்தில் எல்லாருக்கும் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டம் அந்தப் பயிற்சியை அழிப்பதில்லை.

கம்மலை அடகு வைத்து அவள் அடுத்த சோதனைக்குப் போனாள். முடிவு என்ன வந்தது, அவள் என்ன செய்தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடைய விஷயம். தவிர, எழுதினால் அந்த முடிவை வைத்து மருத்துவருக்கும் அவளுக்கும் நீங்கள் மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவீர்கள்.

அரசு மருத்துவமனைப் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. திராவிட இயக்க ஆட்சிகள் கட்டியெழுப்பிய பொது மருத்துவக் கட்டமைப்பின் பெரிய சாதனை அது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயை முழுதாகப் பெற வேண்டுமென்றால் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். எனவே பெண்கள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். என்.டி. ஸ்கேனுக்கான 11 முதல் 13 வாரம் என்கிற இடைவெளியில், மிகச் சரியாக அந்த வாரத்தில், அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள், எண் கொடுக்கிறார்கள். நான் போன நிலையங்களில் டபுள் மார்க்கர் என்கிற பேச்சே எழவில்லை. வசதி உள்ளவர்கள் வெளியே எடுத்துக்கொள்கிறார்கள், இல்லாதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. கிராம சுகாதார செவிலியரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு கையில் பதிவேடு, இன்னொரு கையில் பதிவேற்ற வேண்டிய செல்போன் என்று அலைகிற அந்த அம்மாவுக்கு இதற்கான பயிற்சியையும் நேரத்தையும் யாரும் கொடுக்கவில்லை.

காலம் தப்பினால் என்ன ஆகும் என்பதை நாட்காட்டியை வைத்துப் பார்க்க வேண்டும். பனிக்குட நீர் எடுப்பது 15, 16 வாரத்துக்குப் பிறகு. முழுமையான முடிவு வர இரண்டு மூன்று வாரம். அதற்குள் 19 வாரம் ஆகிவிடும். அனாமலி ஸ்கேன் இருபதாவது வாரத்தில் எடுத்து, ஏதோ தெரிகிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போ என்றால், அங்கே தேதி கிடைத்துப் போய்ச் சேர இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆகிவிடும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் வேண்டும். 24ஐத் தாண்டினால் கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிய வேண்டும். வாரியம் மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் வாரியம் என்று ஒன்று இருப்பதை அவளுக்கு யார் சொல்வது? ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பேருந்துக் கட்டணம் போகிறது, கூட வருகிறவரின் கூலியும் போகிறது. தகவல் தெரிந்த குடும்பம் பதின்மூன்றாவது வாரத்தில் எடுக்கும் முடிவை, தகவல் மறுக்கப்பட்ட குடும்பம் இருபத்துமூன்றாவது வாரத்தில், குழந்தை உதைப்பதை உணர்ந்த பிறகு, நான்கு நாட்களுக்குள் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்று எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஃபோலிக் அமிலம். சிசுவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாமல் போவதுதான் பின்னால் அனாமலி ஸ்கேனில் மண்டையோடு உருவாகவில்லை, முதுகில் திறப்பு இருக்கிறது என்று தெரிகிறது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். மாத்திரையின் விலை சில காசு. ஆனால் மாதவிலக்குத் தள்ளிப்போய், கிட்டில் பார்த்து, பதிவு செய்ய வந்து, மாத்திரை கைக்குக் கிடைக்கும்போது எட்டு, பத்து வாரம் ஆகியிருக்கும். நரம்புக்குழாயைப் பொறுத்தவரை காலம் முடிந்துபோயிருக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அன்றே கொடுக்க வேண்டிய மாத்திரை அது.

இனி ‘சொந்தமா?’ என்கிற கேள்விக்கு வருகிறேன். கர்ப்பிணி அட்டையில் முதலிலேயே கேட்கிற கேள்வி. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடக்கின்றன என்பதால் கேட்பது நியாயம்தான். மாமன் மகள், அத்தை மகன் உறவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு எல்லாருக்கும் உள்ள 2, 3 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஒரே பாட்டி தாத்தாவிடமிருந்து வந்த ஒடுங்கிய மரபணு இருபக்கமும் சந்தித்துக்கொள்வதுதான் காரணம். டவுன் சிண்ட்ரோமுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் பிரியாமல் போவதால் வருவது. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு கூடும்: இருபத்தைந்தில் 1250இல் 1 என்ற அளவில் இருப்பது நாற்பதில் 100இல் 1 ஆகிறது. ஆனால் இந்த வேறுபாட்டை யாரும் சொல்லாததால் எந்த அறிக்கை வந்தாலும் பெண்ணின் தலையில்தான் இடி. என் தங்கையின் மாமியார் சொன்னார்: “சேராத ரத்தம் சேர்ந்தா இப்படித்தான்.” எங்கள் பக்கத்துப் பெரியம்மா சொன்னார்: “அத்தை மவனுக்கே கட்டிக் குடுத்திருந்தா இந்த வம்பே இல்ல.” இரண்டு பேரும் அறிவியலுக்கு நேர் எதிராகப் பேசினார்கள். இரண்டு பேரும் சாதிக்குச் சாதகமாகப் பேசினார்கள்.

அட்டையில் ‘சொந்தமா?’ என்று கேட்கிறார்கள், ‘ஒரே சாதியா?’ என்று கேட்பதில்லை. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் எடுத்துவைத்தார். நூறாண்டு கழித்து மரபணு ஆய்வாளர்கள் அதன் தடத்தை ரத்தத்தில் கண்டார்கள். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் பங்கேற்று 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 81 குழுக்களில் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் கடுமையான மரபணுக் குறுக்கம் இருப்பதைக் காட்டியது. ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகி, வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் இருந்ததன் விளைவு அது. ஆரிய வைசியர்களிடம் ஒரு நொதிக் குறைபாடு கூடுதலாக இருப்பதும், அறுவைச் சிகிச்சையில் ஒரு குறிப்பிட்ட தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்தால் அவர்களில் சிலர் நெடுநேரம் அசையாமல் போய்விடுவதும் மயக்க மருந்து மருத்துவர்களுக்குத் தெரிந்த சேதி. அதாவது சொந்தத்தில் கட்டவில்லை என்று சொல்கிற ஒரே சாதித் தம்பதியும் ஒருவகையில் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம்.

ஆனால் மரபணுவை வைத்து யாரை விசாரிக்கிறது அரசு? 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள்செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடி மக்களுக்கு வண்ண அட்டைகள் கொடுக்கிறார்கள். ஆண் பெண் இருவர் அட்டையையும் பொருத்திப் பார்த்தால் குழந்தைக்கு நோய் வருமா என்று தெரியும். சோதனை வேண்டும், சிகிச்சை வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த நோய் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. ஆனால் பீட்டா தலசீமியா கடத்திகள் சிந்தி, பஞ்சாபி போன்ற வணிகச் சமூகங்களிலும் அதிகம். அவர்கள் கழுத்தில் யார் அட்டை மாட்டினார்கள்? பழங்குடிக்கு மரபணு அட்டை, மற்றவர்களுக்கு ஜாதகக் கட்டம். கர்ப்பிணி எல்லாருக்கும், எந்தச் சாதியாக இருந்தாலும், முதல் பதிவிலேயே தலசீமியா, அரிவாள்செல் இரண்டையும் காட்டுகிற எச்.பி.எல்.சி. ரத்தச் சோதனையைச் செய். கடத்தி என்று வந்தால் கணவனுக்கும் செய். கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்த இடத்தில் நம் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ‘சாதி மறுப்புத் திருமணம் செய்தால் ஆரோக்கியமான குழந்தை பிறக்கும்’ என்று மேடையில் பேசுகிறோம், மீம்ஸ் போடுகிறோம். மேலே சொன்ன ஆய்வுகளைத்தான் சான்றாகவும் காட்டுகிறோம். இந்த வாதத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கிறேன். சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட என் தங்கைக்கு ஹை ரிஸ்க் வந்தபோது அவள் கணவன் கேட்டது என்ன தெரியுமா? “நம்ம மாதிரி கட்டிக்கிட்டா ஒண்ணும் வராதுன்னு சொன்னாங்களே?” நம் கூட்டத்தில் கேட்டதுதான் அது. சாதியைக் கடந்து காதலிக்கிற உரிமைக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. நல்ல குழந்தை பிறக்கும் என்பதால் ஒரு திருமணம் சரியென்றால், குறைபாட்டோடு குழந்தை பிறந்தால் அது தப்பாகிவிடுமா? நல்ல வித்து, கெட்ட வித்து என்று மனிதரைத் தரம் பிரித்த தத்துவம் நம் எதிரியுடையது. 1920களின் இறுதியில் சென்னையில் இயங்கிய நவ மால்தூசியச் சங்கத்தின் மேட்டுக்குடியினர் கர்ப்பத்தடையைப் பேசியது மக்கள்தொகையின் தரத்துக்காக. மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று பிரித்து நின்றவர் பெரியார். அந்தப் பிரிவினை இந்தச் சோதனைகளுக்கும் பொருந்தும்.

டவுன் சிண்ட்ரோம் என்கிற பெயரின் கதையையே பாருங்கள். 1866இல் லாங்டன் டவுன் என்கிற ஆங்கில மருத்துவர் இந்தக் குழந்தைகளை ‘மங்கோலிய’ வகை என்று இனப்படிநிலையில் வைத்து விவரித்தார். அந்தச் சொல் நூறாண்டு காலம் மருத்துவ நூல்களில் இருந்தது. 1965இல் மங்கோலியா எதிர்ப்புத் தெரிவித்த பிறகே உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. அறிவியல் என்று நம் முன் வைக்கப்படுவதில் எவ்வளவு இழிவு கலந்திருக்க முடியும் என்பதற்கு நமக்கு வேறு பாடம் தேவையில்லை. ‘மூளை வளர்ச்சி இருக்காது’ என்று ஒரு மருத்துவர் ஒற்றை வரியில் சொல்வதும் அந்த வரிசையில் வருவதுதான். அந்தக் குழந்தைகள் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். பாதிப் பேர் அளவுக்கு இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள், அதில் பெரும்பாலானவற்றுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. கற்றலில் வேகம் குறைவு, வாழ்நாள் முழுக்க ஓரளவு துணை தேவை. இவ்வளவையும் ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, அவள் கலைக்க விரும்பினால் கலைக்கவும், பெற்றுக்கொள்ள விரும்பினால் சிறப்புப் பள்ளிக்கும் உதவித்தொகைக்கும் வழி காட்டவும் வேண்டும். மருத்துவர் ‘கலைச்சிடு’ என்பதும் மாமியார் ‘சாமி குடுத்தது’ என்பதும் அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுவதுதான்.

நான் எதிர்பார்ப்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கரும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவோடு இலவசமாக வர வேண்டும். ஹை ரிஸ்க் வந்தவர்களுக்கு அடுத்த சோதனைக்கான செலவை, பயணக்கூலி உட்பட, அரசு ஏற்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தமிழில் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒரு மரபணு ஆலோசகர் வேண்டும். அறிக்கையைத் தமிழில் அச்சடிக்க வேண்டும், அதில் ‘பாசிட்டிவ்’ என்கிற சொல் இருக்கவே கூடாது.

இவை வரும் வரை உங்கள் அக்காவோடு, அண்ணியோடு, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஸ்கேனுக்குத் துணைக்குப் போகிறவர்கள் நீங்கள்தான், படித்தவர் என்று நம்பிக் கூப்பிடுவார்கள். போனால், அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். அவளைக் கேட்க வையுங்கள். இது சலித்துப் பார்க்கிற சோதனையா, உறுதி செய்கிற சோதனையா? எனக்கு வந்த எண் என்ன, அந்த எண்ணோடு இருக்கிற எத்தனை பேரில் எத்தனை பேருக்கு இருக்காது? உறுதி செய்ய என்ன வழி, எந்த வாரத்துக்குள், எந்த ஊரில், எவ்வளவு செலவு? சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லலாமா? சொல்லலாம், அதுவும் உரிமைதான். ஒப்புதல் தாளின் நகல் எங்கே? இப்போது விளக்க நேரமில்லை என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நேரம் இருக்கும் என்று கேட்டு, அதை அவளுடைய அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.